கிளட்ச் பெடலில் மல்லாட்டை எண்ணெய்

எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் என் ஆள்காட்டி விரலை விட்டு அந்த வாடை போக மாட்டேன் என்கிறது. பழைய மல்லாட்டை எண்ணெயின் காறல் வாடை. கடைக்காரர்கள் போர்டில் கடலை எண்ணெய் என்று எழுதுவார்கள். நீ ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, உனக்கு அது மல்லாட்டை எண்ணெய்தான். டீ டம்ளரை வாய்க்குக் கொண்டு போகும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. எனக்கு அருவருப்பாக இல்லை. மத்தியானத்திலிருந்து அதை முகர்ந்து முகர்ந்து பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் நான் ஜெயித்துவிட்டேன். நமக்குள் நடந்த வாக்குவாதங்களிலேயே மிக நீண்டதும் மிக அற்பமானதும் நீ கடைசிவரை விட்டுக்கொடுக்காததுமான அந்த ஒன்றில் ஜெயித்துவிட்டேன். அந்தச் சேதியைக் கேட்க நீ இல்லாமல் போனது பெரிய அநியாயம். அதனால் எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதும்போது முதல் வரியிலேயே கண்ணீர் வர வேண்டும் என்பார்கள். வரும்போது வரட்டும். முதலில் நடந்ததைக் கேள்.

உன் பேரில் இருந்த அந்தச் சின்னக் காரை நாம் இருவரும் நம்ம வண்டி என்றே சொல்லிப் பழகியிருந்தோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குக் காலையில் நீ ஓட்டுவாய், சாயங்காலம் திரும்பும்போது நான். அது என்ன ஏற்பாடு என்று அலுவலகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கம் சொல்வேன். நீ செஞ்சிப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் உன் வாயில் தண்ணீர்கூடப் படாது. கலெக்டர் ஆபீஸ் மனுப் பிரிவில் கடைசி மனுவுக்குப் பதில் எழுதிவிட்டு நாம் கிளம்பும் நேரத்தில் சூரியனும் கிளம்பிக்கொண்டிருப்பான். ஆகவே உன் ராச்சாப்பாடு காரில்தான் நடக்கும், என் பக்கத்து இருக்கையில், மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு.

"கிளட்ச மெதுவா விடுப்பா, ரசம் தளும்புது" என்பாய். லைசென்ஸ் வாங்கியது டிரைவிங் ஸ்கூலில் என்றாலும், கியர் மாற்றக் கற்றுக்கொண்டது உன் ரசத்திடம்தான். விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வரிசையில்கூட ஒரு துளி சிந்தாமல் ஓட்டுகிறவள் என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரைக் கொடுத்தவள் நீ ஒருத்திதான், ஆனாலும் பெயர் பெயர்தானே.

ரம்ஜான் மாதம் வந்தால் நம் வண்டி வேறு மாதிரி ஆகிவிடும். சூரியன் இறங்க இறங்க நீ அவசரம் அவசரமாகச் சாப்பிடுவாய், நான் வறண்ட தொண்டையோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ டப்பாவை மூடிவிட்டு, கை துடைத்துவிட்டு, பேரீச்சம்பழ டப்பியைத் திறந்து மடியில் தயாராக வைத்துக்கொள்வாய். "நான் மூடிட்டேன், நீ தொற" என்று சிரிப்பாய். ஒரே சூரியன், உன் வாயை மூடிவிட்டு என் வாயைத் திறந்துவிடும். கோட்டக்குப்பத்தில் என் உம்மாவிடம் இதைச் சொன்னபோது, அப்படிப்பட்ட சிநேகிதியை விட்டுடாதடி என்றார்கள். நான் விடவில்லை. நீதான் போன ஐப்பசி மழையில், மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனாய். அதற்காக உன்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை, தீரவும் தீராது.

நீ போன பிறகு வண்டி உன் வீட்டு வாசலில் உறை போட்டபடி நின்றது. நான் பஸ்ஸில் போய்வந்தேன். தைக்குப் பிறகு உன் மகள் பத்மாவுக்கு விழுப்புரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. நான் உன் வீட்டுக்காரரிடம் போய், "ஸ்ரீபால் அண்ணா, வண்டிய சும்மா போட்டு வெச்சா வீணாப் போயிடும். நானும் பத்மாவும் போய்க்கினு வர்றோம்" என்றேன். அவர் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் பத்மா ஓட்டினாள், சாயங்காலம் நான். யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை, அதுவாக அமைந்தது.

அப்புறம்தான் சத்தம் ஆரம்பித்தது. கிளட்சை மிதித்தால் கீச். விட்டால் கீச். முதலில் எலிக்குஞ்சு மாதிரி இருந்தது, நாள் போகப் போக ஊஞ்சல் சங்கிலி மாதிரி ஆகிவிட்டது. சிக்னலில் நின்றால் பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்க்கிறார். விழுப்புரத்தில் ஒரு பட்டறையில் காட்டினோம். ஒரு பக்கம் தகரம் தட்டுகிறார்கள், இன்னொரு பக்கம் லாரி உறுமுகிறது. மெக்கானிக் இஞ்சினை ஓடவிட்டு இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். "ரிலீஸ் பேரிங் போச்சும்மா. கியர் பாக்ஸ எறக்கணும். எறக்குனா பிளேட்டு, கவர் எல்லாம் சேத்து மாத்திடணும். இந்த வயசான வண்டிக்கு இவ்ளோ செய்யணுமான்னு யோசிச்சிக்குங்க" என்றார்.

வீட்டில் சொன்னோம். ஸ்ரீபால் அண்ணன் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மகள் ஹைவேயில் ஓட்டுகிற வண்டி, நடுவழியில் நின்றால் என்ன ஆவது என்று அவருக்குப் பயம். பழைய வண்டி வாங்கும் புரோக்கர் ஒருவர் இன்று சனிக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. நேற்று சாயங்காலம் நான் போனபோது அவள் முன் இருக்கையின் இடுக்கில் கிடந்த மல்லாட்டைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாம் தின்றுவிட்டுப் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"அண்ணா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வண்டிய எங்கிட்ட வுடுங்க. கிளட்ச் நல்லாத்தான் இருக்குதுன்னு நான் காட்டிட்டா விக்கக் கூடாது. சரியா?" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மெக்கானிக்கே சொல்லிட்டாரேம்மா."

"மெக்கானிக் ஒரு மனு குடுத்திருக்காரு. நாம விசாரிக்கவே இல்லியே."

உன் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு என் வாயிலிருந்து வந்தது. மனுப் பிரிவில் இத்தனை வருஷம் உட்கார்ந்து நாம் கற்றது அது ஒன்றுதானே. யார் செய்தார்கள் என்று எழுதியிருப்பதை அப்புறம் பார், எப்போது நடந்தது என்று முதலில் கேள் என்பாய். பக்கத்து வயல்காரன் தண்ணீரை மடக்கிவிட்டான் என்று மனு வரும். எப்போது என்று கேட்டால், அந்த வாரம் முழுக்கக் கரண்டே இல்லை, மோட்டாரே ஓடவில்லை என்பது தெரியவரும். சத்தத்தையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும் என்று முடிவுசெய்து, இன்று காலை வெயில் ஏறுவதற்குள் உன் வாசலில் போய் நின்றேன்.

முதலில் இஞ்சினை அணைத்தே வைத்துக்கொண்டு பத்மாவை மிதிக்கச் சொன்னேன். கீச். விடச் சொன்னேன். கீச்.

"அதே சத்தம்தான் ஆன்ட்டி."

"இஞ்சின் ஓடவே இல்லியே. சுத்தாத பேரிங் எப்புடிக் கத்தும்?"

அப்புறம் இஞ்சினை ஓடவிட்டு, மிதித்த பெடலை அப்படியே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். பேரிங் தேய்ந்திருந்தால் மிதித்துப் பிடித்திருக்கும் வரை கொர கொரவென்று தொடர்ந்து சத்தம் வர வேண்டும். வரவில்லை. பெடல் கீழே போகும்போது கத்துகிறது, மேலே வரும்போது கத்துகிறது, நின்றால் வாயை மூடிக்கொள்கிறது. பெடல் நகர்ந்தால் மட்டும் வருகிற சத்தம். பத்மாவுக்கு முகம் மாற ஆரம்பித்தது, உன்னை மாதிரியே புருவத்தை ஏற்றினாள்.

ஆனால் அதோடு விட்டுவிட முடியாது. பேரிங்கைத் தள்ளும் கவை ஒன்று உள்ளே இருக்கிறது; அது காய்ந்துபோனாலும் இஞ்சின் ஓடாமலே கத்தும், அதற்கும் கியர் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். பத்மாவிடம் மரக்கரண்டி ஒன்று கேட்டேன். உன் சமையல்கட்டுக் கரண்டிதான், கோபித்துக்கொள்ளாதே. பானெட்டைத் திறந்து, கிளட்ச் கேபிள் போய் அந்தக் கவையை இழுக்கிற இடத்தில் கரண்டியின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் காதில் ஒட்டிக்கொண்டேன். "மிதி" என்றேன். சத்தம் வந்தது, ஆனால் தூரத்திலிருந்து. கரண்டி வழியாக ஒன்றும் ஏறவில்லை, கவைமேல் தப்பில்லை.

அப்புறம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, இந்த வயதில், இந்த உடம்போடு, புர்காவைச் சுருட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுப் படுத்தேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். பெடல் மேலே தொங்குகிற இடத்தில் ஒரு கம்பியும் அதைச் சுற்றிப் புஷ் என்கிற சின்ன வளையமும் இருக்கின்றன. அங்கே கரண்டியை வைத்தேன்.

"மிதி."

என் காதுக்குள்ளேயே கத்தியது. கரண்டியை எறிந்துவிட்டு விரலை வைத்தேன். ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் புஷ் விரலின் கீழே நடுங்கியது. "புடிச்சிட்டேன்! பத்மா, புடிச்சிட்டேன்டி!" என்று நான் போட்ட கூச்சலில் ஸ்ரீபால் அண்ணன் உள்ளேயிருந்து ஓடிவந்தார். நான் நசுங்கிவிட்டேன் என்று நினைத்தாராம்.

விரலை வெளியே எடுத்துப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் பிசின். தூசியும் அதுவுமாகச் சேர்ந்து இறுகிப்போய், வேப்பம்பிசின் மாதிரி இழுத்தால் நூல் விடுகிறது. மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான். குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. குற்றவாளி நீதான்!

நினைவிருக்கிறதா? வண்டி வாங்கின புதிதில் இதே பெடல் லேசாகக் கீச்சிட்டது. திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். அந்த ஆள் கிரீஸ் டப்பாவைத் திறந்து விரலை விட்டார். நீ அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்து, "இது எதுல செய்றதுங்க?" என்று கேட்டாய். "யாருக்குத் தெரியும் மேடம், ஏதோ கொழுப்பு கிழுப்பு கலந்திருப்பான்" என்று அவர் விளையாட்டாகச் சொன்னார். முடிந்தது கதை. மிருகக் கொழுப்பு தடவின பெடலை மிதிக்க மாட்டேன் என்று நீ வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். என் பிரியாணி டப்பாவுக்கு டிக்கியில் இடம் ஒதுக்கினவள், கிரீஸுக்கு அதுகூட ஒதுக்கவில்லை.

மறுநாள் உங்கள் ஊர் நிலத்து மல்லாட்டையில் ஆட்டின எண்ணெயைக் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து, அந்தப் புஷ்ஷில் பிழிந்தாய். சத்தம் நின்றது. நான் அப்போதே சொன்னேன். "இது சமையல் எண்ணெய்ப்பா. காய்ஞ்சா பிசினாயிடும், தூசி புடிக்கும், முன்னைய வுட மோசமாக் கத்தும்." நீ ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதம் போயிற்று, சத்தம் வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று, வரவில்லை. ஒவ்வொரு தடவையும் சிக்னலில் வேண்டுமென்றே பெடலை மிதித்து மிதித்து விட்டு, என் பக்கம் திரும்பி, "கேக்குதா?" என்பாய். காய்கிற எண்ணெய் காயாமல் இருப்பது எப்படி என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உங்கள் நிலத்து மண்ணில் ஏதோ இருக்கிறது போல என்றுகூட நினைத்திருக்கிறேன்.

இப்போது சாட்சி என் விரல் நுனியில் இருந்தது. ஆனாலும் புரோக்கர் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டுமே. "ஜல்தி" என்று பத்மாவை விரட்டி, துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பிசினைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்தோம். அப்புறம் உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

"மிருகக் கொழுப்பு கலக்காத கிரீஸ் இருக்குதாங்க?"

கடைக்காரர் என் புர்காவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நீங்களா கேக்குறீங்க?"

"எனக்கில்லீங்க. ஃபிரண்டு வண்டிக்கு. அவங்க சுத்த சைவம்."

"கிரீஸத் துன்னவா போறாங்க?" என்று சிரித்தாலும் நல்ல மனுஷன். உள்ளே போய்த் தேடி ஒரு சின்ன டியூபைக் கொண்டுவந்தார். "இது சிலிகான். எந்த உசுருக்கும் சம்பந்தம் இல்ல. தைரியமாப் போடச் சொல்லுங்க." நீ மிதிக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நீ மாட்டேன் என்ற ஒன்றை உன் வண்டியில் தடவ எனக்குக் கை வரவில்லை. அதனால் நான் தோற்றதாக அர்த்தமில்லை, புரிகிறதா.

தடவினோம். பத்மா உட்கார்ந்து மிதித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள். ஒன்றுமே இல்லை. தெருமுனையில் யாரோ சைக்கிள் பெல் அடிப்பது கேட்டது, அவ்வளவு அமைதி. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டாள்.

ஸ்ரீபால் அண்ணன் மட்டும் அசையவில்லை. "சத்தம் நின்னுடுச்சி, சரி. கிளட்ச் பிளேட்டு தேஞ்சிருந்தா? அது வேற பேஜாராச்சே" என்றார். நியாயமான கேள்வி. "ஏறி உக்காருங்கண்ணா" என்றேன். அவர் பின் இருக்கையில் ஏறினார், பத்மா என் பக்கத்தில். நேராக மேம்பாலத்துக்கு விட்டேன். ஏற்றத்தின் அடியில் வேகத்தை நன்றாகக் குறைத்து, மூன்றாவது கியரிலேயே வைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பிளேட் தேய்ந்திருந்தால் இஞ்சின் மட்டும் அலறும், வண்டி ஏறாது. வண்டி ஒரு தடவை முனகியது. அப்புறம் தரையைக் கவ்விக்கொண்டு, என் முதுகு இருக்கையில் அழுந்த, ஏறியது பார்! உச்சிக்குப் போனபோது நான் ஹாரனையே அடித்துவிட்டேன். முன்னால் போன டிராக்டர்காரர் திரும்பி முறைத்தார்.

"இன்னொரு வாட்டி ஏத்துமா" என்றார் அண்ணன்.

சுற்றிக்கொண்டு வந்து இன்னொரு தடவை ஏற்றினேன். இந்தத் தடவை இறங்கும்போதே அவர் போனை எடுத்தார். "வண்டி விக்கிறதுக்கு இல்லீங்க... இல்லீங்க, ரேட்டுக்காக இல்ல. புள்ள ஓட்டிக்கினு போவுது." போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு வரும் வரை பத்மா டேஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அண்ணன் இறங்கி உள்ளே போனதும் என்னால் அடக்க முடியவில்லை. விரலை பத்மாவின் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மோந்து பாரு. உங்கம்மா வுட்ட எண்ணெ. காய்ஞ்சி பிசினாயிடும்னு நான் அன்னிக்கே சொன்னேன். கேட்டாளா?"

பத்மா சிரிக்க ஆரம்பித்தாள். நீ போனதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, "இனிமே சொன்னா தப்பில்ல ஆன்ட்டி" என்றாள். "அது ஒரு வாட்டி வுட்ட எண்ணெ இல்ல. மாசம் பொறந்தா அம்மா ஒரு சொட்டு வுடுவாங்க. காலைல, உங்கள ஏத்திக்க வர்றதுக்கு முன்னாடி. கத்துறதுக்கு முன்னாடியே வுட்டுடணும்னு அவ்ளோ அவசரம் அவங்களுக்கு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நிலத்து மண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய எண்ணெய் இறுகுவதற்குள் புது எண்ணெய் விட்டு, விட்டு, இத்தனை வருஷமும் என்னை ஏமாற்றியிருக்கிறாய்! பொய் சொல்லக் கூடாது என்று விரதம் வேறு. பெடலை மிதித்துவிட்டு "கேக்குதா?" என்று கேட்பது மட்டும் பொய்யில் சேராது என்று எந்தச் சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாய்? அப்படியென்றால் நான் இன்றைக்கு ஜெயிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறேன், மாதாமாதம். அது உனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அழுகை இங்கேதான் வந்தது. நீ போன பிறகு அந்தச் சொட்டை விட ஆளில்லாமல்தான் அது கத்தியிருக்கிறது. நானும் பத்மாவும் அதில் உட்கார்ந்துகொண்டு, பேரிங்காம், பிளேட்டாம் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். சிரித்துக்கொண்டே அழுதேன், பத்மாவும் அழுதாள், உள்ளேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

"ஏன்டி எங்கிட்ட மறைச்சாளாம்?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் ஆன்ட்டி. 'தெரிஞ்சா அவ வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவா'ன்னாங்க."

சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். யார் வாழ்நாளைச் சொன்னாய், உன்னுடையதையா? அதை முடித்துக்கொண்டு தப்பிவிட்டதாக நினைக்காதே. என் வாழ்நாள் இன்னும் பாக்கி இருக்கிறது. காலையும் மாலையும் உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறாள். திங்கட்கிழமை விழுப்புரம் போகும்போது சொல்லிக் காட்ட ஆரம்பிக்கிறேன்.